லினக்ஸ் மின்ட் சினமன்: இரவல் வாங்கத் தெரிந்த டெஸ்க்டாப்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. எனவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை, சினமன் என்னும் திரையமைப்போடு வரும் பதிப்பில் நிறுவி மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். வேகத்தில் குறையில்லை. ஆனால் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அந்தத் திரையமைப்பைப் பற்றித்தான்.

வருகைப் பதிவைக் கவனிக்கும் பெரியம்மா ஒருவர், முதல் நாளே யாரும் சொல்லாமல் மவுஸை இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்த பொத்தானை அழுத்தி, விரிந்த பட்டியலில் அலுவலகச் செயலிகளின் பிரிவைத் தேடிப் பிடித்து, வருகைத்தாளைத் திறந்துவிட்டார். "பழைய மாதிரியேதான் இருக்கு, தம்பி" என்றார். அவர் கை தேடிய அந்தப் பொத்தான் விண்டோஸ் 95இல் வந்தது. ஆனால் திரையின் அடியில் சின்னங்களை வரிசையாக வைக்கும் பட்டையை ஏகார்ன் நிறுவனம் 1987இலேயே தன் கணினிகளில் தந்திருந்தது. அதற்கும் முன்பே, திரையில் சாளரங்களை மவுஸால் இயக்கும் முறை ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஆல்ட்டோ கணினியில் 1970களில் உருப்பெற்றிருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் 1979இல் அந்தக் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தார், 1984இல் ஆப்பிளின் மெக்கின்டோஷ் (மேக்) கணினி வெளிவந்தது. அதன் தோற்றத்தை மைக்ரோசாஃப்ட் எடுத்துக்கொண்டதாக ஆப்பிள் 1988இல் தொடுத்த வழக்கு தோல்வியில் முடிந்தது. இந்த வரலாற்றில் கடன்படாதவர் எவரும் இல்லை.

சினமன் பிறந்ததே இப்படித்தான். 2011இல் லினக்ஸின் மற்றொரு திரையமைப்பான குனோம் 3 பழைய பணிப்பட்டையையும் பட்டியலையும் கைவிட்டபோது, மின்ட் குழுவினர் அதே குனோமின் நிரலை அடித்தளமாக எடுத்து, மக்கள் பழகிய அமைப்பை அதன்மேல் மீண்டும் கட்டினார்கள். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தும் சுருங்கி ஒரே பார்வையில் நிற்கின்றன; மேக் கணினியில் 2003இல் வந்த வசதி இது. மேல் அம்புக்குறி பணியிடங்களை, அதாவது சாளரங்களைப் பிரித்து வைக்க உதவும் தனித்தனித் திரைகளை, காட்டுகிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் உலகில் வெகுகாலம் புழங்கிய அந்தப் பல பணியிட முறையை மேக் 2007இலும் விண்டோஸ் 2015இலும்தான் ஏற்றுக்கொண்டன.

எதை இரவல் வாங்குகிறோம் என்பதில்தான் தரம் இருக்கிறது. வகுப்பு மாணவர் ஒருவர் மேக் போன்ற தோற்றத்தை ஆசையாக நிறுவினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூடும் பொத்தான் இடப்பக்கம் போய்விட்டதால், சாளரத்தை மூட நினைத்த ஒவ்வொருவர் கையும் வலப்பக்கம் போய்த் திரும்பியது. இரண்டே வாரத்தில் பழைய தோற்றத்துக்கு வந்துவிட்டோம். கையின் பழக்கத்தை மதித்து வாங்கிய இரவல் உதவுகிறது, வண்ணத்தை மட்டும் வாங்கியது தடுமாற வைக்கிறது.

மின்ட் நிற்பது உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல். அதை 2004இல் வெளியிட்ட மார்க் ஷட்டில்வொர்த், இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்தவர். மனிதன் பிற மனிதர்களால்தான் மனிதனாகிறான் என்னும் கருத்தைத் தாங்கிய 'உபுண்டு' என்ற அந்தச் சொல்லை ஜூலு மொழியில் நாங்கள் அன்றாடம் கேட்கிறோம். இந்த மென்பொருளுக்கு அது எவ்வளவு பொருத்தமான பெயர் என்று இப்போதுதான் உணர்கிறேன்.

குறையும் உண்டு. அமைப்புகள் பக்கத்தில் சின்னங்கள் குவிந்து கிடப்பதால், புதியவருக்கு முதல் நாளில் யாராவது அருகில் இருக்க வேண்டும். ஆனால் பணிப்பட்டையைத் திரையின் எந்த ஓரத்துக்கும் நகர்த்தலாம். 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 அந்த உரிமையைப் பறித்திருந்தது. எங்கள் திரை அகலமானது என்பதால் பட்டையை இடப்பக்கம் வைத்தோம், வருகைத்தாளில் கூடுதலாகச் சில பெயர்கள் தெரிகின்றன. தொடக்கப் பொத்தான் எங்கே போனது என்று பெரியம்மா ஒரு கணம் தேடினார். இப்போது அவர் கை தானாகவே அங்கே போகிறது.