சிங்களம் கற்க எந்த வழி? மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

இலங்கையின் மலையகத்தில் வாழும் ஒரு தமிழர் சிங்களம் கற்க வேண்டுமென்று முடிவெடுத்தால் அவர் முன்னே பல வழிகள் இருக்கின்றன. சந்தையிலும் வேலைத்தளத்திலும் காதால் கேட்டுப் பழகலாம், தமிழ் வழியாகச் சிங்களம் கற்பிக்கும் புத்தகமொன்றை வாங்கலாம், அரச நிறுவனத்தின் வகுப்பிலோ தனியார் டியூஷனிலோ சேரலாம், கைப்பேசியை நம்பலாம், அல்லது தமிழ் கற்க விரும்பும் ஒரு சிங்களவரோடு பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதால் பெரிய பயனில்லை. கற்பவரிடம் அந்த மொழியின் எந்தப் பாதி ஏற்கெனவே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

பாதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளிலோ கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலோ சில ஆண்டுகள் வேலை செய்து ஊர் திரும்பிய ஒருவர் சிங்களவரே ஐயுறாத அளவுக்குச் சரளமாகப் பேசுவார். ஆனால் பிரதேச செயலகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைப்பார். அந்தப் பிள்ளை பாடசாலையில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் படித்திருப்பதால் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிடும். ஆனால் மருந்துக்கடையில் நின்று தலைவலிக்கு மாத்திரை கேட்கச் சொன்னால் வாய் திறக்காது. இந்த இருவருக்கும் ஒரே வகுப்பைப் பரிந்துரைப்பது இருவரின் நேரத்தையும் வீணாக்கும்.

இப்படிப் பிளவுபட்ட அறிவு உருவாவதற்குச் சிங்களத்தின் இயல்பும் ஒரு காரணம். தமிழைப் போலவே அதுவும் பேச்சு, எழுத்து என இரண்டாகப் பிரிந்து நிற்கும் மொழி. பேச்சில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதேயில்லை: நான் போகிறேன் என்பதும் அவன் போகிறான் என்பதும் அவர்கள் போகிறார்கள் என்பதும் 'யனவா' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். எழுத்திலோ 'மம யமி', 'ஓஹு யயி', 'ஒவ்ஹு யதி' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. கொல்கத்தாவில் குடியேறி வங்காளி கற்கும் தமிழருக்கு இந்தச் சிரமம் இந்த அளவுக்கு இல்லை. வங்காளியிலும் 'சாது பாஷா' என்ற பழைய எழுத்துநடை இருந்தது என்றாலும், 20ஆம் நூற்றாண்டில் எழுத்தாளரும் பத்திரிகைகளும் பேச்சுக்கு நெருக்கமான 'சலித பாஷா'வுக்கு மாறிவிட்டதால், அங்கே பத்திரிகையில் படித்த வாக்கியத்தைப் பெரும்பாலும் அப்படியே தெருவிலும் பேசலாம். கண்டியில் சிங்களப் பத்திரிகையின் வாக்கியத்தை எடுத்து பஸ் நடத்துனரிடம் பேசினால் அவர் சிரிப்பார். எனவே ஒரு வழி நமக்குச் சிங்களம் கற்பிக்கிறது என்றால், எந்தச் சிங்களம் என்று கேட்டாக வேண்டும்.

செவிவழிக் கல்வியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அது தவறு. தமிழருக்குச் சிங்களம் காதில் ஏறுவதற்குத் தடை குறைவு. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை ஒன்றே. வேற்றுமை உருபுகள் சொல்லின் பின்னால்தான் ஒட்டுகின்றன. 'எனக்குப் பசி' என்பது 'மட படகினி' என்று சொல்லுக்குச் சொல் நேராக அமைகிறது. தேயிலைக் கொழுந்து சேரும் அறையான கொழுந்துக் காம்பராவில் நிற்கும் ஒருவர் இலக்கணம் என்ற பெயரையே கேளாமல் ஓராண்டுக்குள் பேசத் தொடங்குவது இதனால்தான். ஆனால் இந்த நெருக்கமே ஒரு பொறியும் ஆகும். 'எனக்குத் தெரியாது' என்பதை மனதில் வைத்துக்கொண்டு சிங்களத்திலும் 'மட' என்று தொடங்குகிறவர்கள் உண்டு; அங்கே தெரிதல் என்ற வினைக்கு எழுவாய் 'மம' (நான்) என்றே வரும். கேட்பவர் புரிந்துகொண்டு விடுவதால் யாரும் திருத்துவதில்லை, பிழை நிலைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய இடர் மரியாதைச் சொற்களில் இருக்கிறது. வேலைத்தளத்து நண்பர்களிடம் கற்ற சிங்களத்தில் 'உம்ப' என்ற முன்னிலைச் சொல் தாராளமாகப் புழங்கும். அது நம் 'நீ', 'டேய்' போன்ற நெருக்கமான சொல். அதே பழக்கத்தில் ஒரு கிராம உத்தியோகத்தரிடமோ மருத்துவத் தாதியிடமோ அது வாயில் வந்துவிட்டால், சொன்னவர் எவ்வளவு பணிவாக நின்றாலும் காரியம் கெட்டுப்போகும். முன்னிலைப் பெயரையே தவிர்த்து 'மஹத்தயா' (ஐயா), 'மிஸ்' என்று அழைத்துப் பேசுவதுதான் பாதுகாப்பானது என்பதைச் சந்தை கற்றுத் தருவதில்லை.

செவிவழியின் உண்மையான எல்லை தாளின் முன்னால் தெரியவரும். பொலிஸ் நிலையத்தில் ஒருவர் தமது முறைப்பாட்டைத் தங்குதடையின்றிச் சிங்களத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உத்தியோகத்தர் அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுத்துநடையில் எழுதி, புத்தகத்தைத் திருப்பி, கையொப்பமிடச் சொல்கிறார். தாம் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா, திகதியும் பெயர்களும் சரியா என்று பார்க்க அவரால் முடியவில்லை, கையெழுத்து விழுந்துவிடுகிறது. நன்றாகப் பேசுகிறவராக இருப்பதாலேயே தமிழில் எழுதித் தரும்படி கேட்கவும் அவருக்குத் தோன்றுவதில்லை. சந்தையில் ஏமாந்தால் ஐம்பது ரூபாய் போகும். இங்கே ஏமாந்தால் வழக்கே போய்விடலாம்.

ஆகவே எழுத்தைக் கற்பது, குறிப்பாகப் பேசத் தெரிந்தவருக்கு, முதல் வேலையாக இருக்க வேண்டும். இங்கே புத்தகங்களின் பயனையும் குறையையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தரும் புத்தகங்கள் மலிவானவை, எங்கும் கிடைப்பவை. ஆனால் தமிழ் எழுத்து சிங்கள ஒலிகளைத் தாங்காது. வாயைக் குறிக்கும் சொல்லும் கடைகளைக் குறிக்கும் சொல்லும் சிங்களத்தில் வேறு வேறு எழுத்தில், வேறு வேறு ஒலியில் இருக்க, இரண்டையும் 'கட' என்றே அச்சிட நேர்கிறது. அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சிங்கள உயிருக்குத் தமிழில் எழுத்தே இல்லாததால், 'இல்லை' என்ற ஒரு சொல்லையே ஒரு புத்தகம் 'நே' என்றும் மற்றொன்று 'நா' என்றும் இன்னொன்று 'நெஹெ' என்றும் எழுதுகிறது. காதில் ஏற்கெனவே மொழி உள்ளவருக்கு இது பொருட்டில்லை, சரியான ஒலியை அவரே நிரப்பிக்கொள்வார்; முற்றிலும் புதியவர் இத்தகைய புத்தகத்தை மட்டும் நம்பினால் யாருக்கும் புரியாத ஒரு சிங்களத்தை மனப்பாடம் செய்வார்.

சிங்கள நெடுங்கணக்கைத் தரும் சிறுவர் வாசிப்புப் புத்தகம் இதற்கு மேலானது. மிஸ்ர ஹோடிய எனப்படும் முழு எழுத்துவரிசையைப் பார்த்து மலைக்க வேண்டாம். தொடக்கத்துக்கு அடிப்படை எழுத்துகள் மட்டும் கொண்ட சுத்த ஹோடிய போதும். அகரவரிசையின் ஒழுங்கு நமக்குப் பழகியதுதான். எகர, ஒகரக் குறிகளில் வரும் 'கொம்புவ' பெயரிலும் இருப்பிடத்திலும் நம் கொம்பேதான். மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கிறது, 'கொ' என்று எழுதும்போது பின்னால் இன்னொரு குறியும் சேர்ந்துகொள்கிறது. நம் புள்ளியின் வேலையைச் செய்யும் 'ஹல்' குறி மட்டும் எழுத்துக்கேற்ப இரண்டு வடிவம் எடுப்பதால் சில நாள் குழப்பும். பயிற்சிக்குச் செலவே இல்லை: ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, ஹப்புத்தளை எனப் புகையிரத நிலையப் பெயர்ப்பலகைகள் மும்மொழியில் நிற்கின்றன, பணத்தாளும் பிஸ்கட் பொதியும் அப்படியே. தெரிந்த பெயரைத் தெரியாத எழுத்தில் பார்ப்பதைவிட எளிய பாடம் கிடையாது. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குகிறவர் ஓரிரு மாதங்களில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிடலாம்.

வகுப்புகளுக்கு வருவோம். அரசகரும மொழிகள் திணைக்களமும், 2007ஆம் ஆண்டின் சட்டமொன்றால் நிறுவப்பட்டு அகலவத்தையில் இயங்கும் தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகமும் முறையான பாடநெறிகளை நடத்துகின்றன. 2007 யூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 7/2007ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை விதித்த பின்னர், இத்தகைய கற்பித்தலின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பது உத்தியோகத்தர்களின் தேவையாகிவிட்டது. கடிதம், படிவம், அலுவலகச் சொற்கள், பரீட்சை என்று அந்த வரிசை போகும். ஆசிரியப் பணியிலோ அரச அலுவலகத்திலோ இருப்பவருக்கு, சான்றிதழும் சேர்ந்து கிடைப்பதால், இதைவிட நல்ல வழி இல்லை. தோட்டத்தில் பேர் போட்டு நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு இது ஒத்துவருவதில்லை: நகரத்துக்குப் போய்வரும் பஸ் கட்டணமும், வகுப்பு வேலைநாளில் விழுந்தால் இழக்கும் நாட்சம்பளமும் சேர்ந்து, இலவசமான வகுப்பைக்கூட விலையுள்ளதாக்கிவிடும். தனியார் டியூஷன் பெரும்பாலும் சாதாரண தரப் பரீட்சையின் வினாத்தாளையே குறிவைப்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

பிள்ளையைச் சிங்கள மொழிமூலப் பாடசாலையில் சேர்த்துவிடுவது சில பெற்றோர் நாடும் மற்றொரு வழி. மொழி வரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழில் வாசிக்கும் பழக்கம் வீட்டில் தனியாக வளர்க்கப்படாவிட்டால், பத்து வயதில் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பேச்சாக மட்டும் எஞ்சும். மேலே சொன்ன பாதி அறிவு தாய்மொழிக்கே வந்து சேர்ந்ததாகிவிடும். ஒரு மொழியைச் சேர்ப்பதற்காக இந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கைப்பேசியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன. ஒரு கடிதத்தைப் படமெடுத்து அது எதைப் பற்றியது என்று அறிந்துகொள்ள அது உதவும். காணி, வழக்கு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிர்வாகச் சொற்களில் அதை நம்பிக் கையொப்பமிடக் கூடாது. யூடியூப் பாடங்கள் ஒலியைத் தருவதால் தமிழ் எழுத்துப் புத்தகங்களின் குறையை ஈடுசெய்கின்றன, எனவே புத்தகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தலாம்.

பண்டமாற்று வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை; என் பார்வையில் அதுவே மிகவும் வீணாகிக்கொண்டிருக்கும் வாய்ப்பு. மேலே சொன்னது போன்ற அரச சேவை விதிகளால் தமிழ் கற்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் சிங்கள உத்தியோகத்தர்கள் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சுத் தமிழுக்கு ஆள் தேவை, நமக்கு எழுத்துச் சிங்களத்துக்கு ஆள் தேவை. வாரத்தில் ஒரு மணி நேரத்தை இரண்டாகப் பிரித்து, முதற்பாதியில் தமிழ் மட்டும், மறுபாதியில் சிங்களம் மட்டும் என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டால் பணச்செலவின்றி இருவருக்கும் பயன் கிடைக்கும். கண்டிப்பு இல்லாவிட்டால், இருவரில் யாருக்கு மற்றவர் மொழி நன்றாக வருகிறதோ, பேச்சு முழுவதும் அந்த மொழிக்கே சாய்ந்துவிடும். மலையகத்தில் அது பெரும்பாலும் சிங்களமாகவே இருக்கும். பாடசாலையில் படித்தும் பேசக் கூசும் இளையோருக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன், ஏனெனில் எதிரில் இருப்பவரும் தமிழில் திக்கித் திணறுவதைப் பார்க்கும்போது கூச்சம் பாதி குறைந்துவிடும்.

சிங்களம் கற்பது நம் உரிமையை விட்டுக்கொடுப்பதாகாதா என்று மூத்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை அனுபவித்த தலைமுறைக்கு அந்தக் கேள்வி இயல்பானது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; 1988இன் 16ஆம் திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்தவரிடமிருந்து அந்த உரிமை பறிபோவதில்லை. தமிழில் தர வேண்டிய கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்திருக்கிறது, அதில் இன்ன திகதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுவது அவருக்கே எளிது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்துக்கு இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியரின் நிலை மட்டும் வேறு. அவரிடம் காதும் இல்லை, எழுத்தும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியவர் என்பதால் முறையான வகுப்பு அவருக்கே மிகவும் பயன்படும். ஆயினும் வகுப்பில் சேரும் நாள் வரை காத்திராமல், விடுதிக்குப் பக்கத்துக் கடையில் காய்கறி வாங்கும்போது சைகையையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு 'கீயத' என்று விலை கேட்கத் தொடங்கிவிட வேண்டும். கடைக்காரர் சொல்லும் தொகையைக் காதால் பிடிக்க முடிகிற வரையில் பத்து ரூபாய், இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் அதை வகுப்புக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.