உழவர் சந்தையா, தள்ளுவண்டியா: எந்தக் காய் நம் ஊர்க் காய்?

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோவையில் வார இறுதியில் மட்டும் கூடும் ஓர் இயற்கைச் சந்தையில் முருங்கைக்காய் வாங்கினேன். ‘எங்கள் தோட்டத்தில் விளைந்தது’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். விலை வெளியில் விற்பதைப் போல இரண்டு மடங்கு. பணத்தைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. மழைக்காலத்தில் நம் பக்கத்து முருங்கையில் பூ உதிர்ந்துவிடும். காய் அருகிப்போகும் அந்த மாதங்களில் நம் மண்டிகளுக்கு மகாராஷ்டிரத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரியில் முருங்கைக்காய் வருகிறது. “தோட்டம் எங்கே தம்பி?” என்று கேட்டேன். “பொள்ளாச்சிப் பக்கம்” என்றார் கடையில் நின்ற இளைஞர். “பொள்ளாச்சியில் எந்த ஊர்?” என்றதற்கு அவரிடம் பதில் இல்லை.

அந்தக் காய் எங்கு விளைந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊர்ப் பெயர் தெரியாதவரிடம் ‘எங்கள் தோட்டம்’ என்ற அட்டை இருந்தது எனக்கு வலித்தது. அன்றிலிருந்து வாங்கும் இடங்களை எல்லாம் இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டுக்குக் காய் வரும் வழிகள் நான்கு: உழவர் சந்தை, வார இறுதி இயற்கைச் சந்தை, தெருவில் வரும் தள்ளுவண்டி, சூப்பர் மார்க்கெட்.

ஒப்பிடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அருகில் விளைந்ததா, விளைவித்தவரே விற்கிறாரா, மருந்தடிக்காமல் விளைந்ததா என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஊட்டியில் ரசாயனம் இல்லாமல் விளைந்த கேரட்டை ஒரு வியாபாரி சென்னையில் விற்றால் அது இயற்கைக் கேரட். உள்ளூர்க் கேரட் ஆகாது. ‘பண்ணையிலிருந்து நேரடியாக’ என்ற ஒரே வரியில் மூன்றையும் சேர்த்து விற்பதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

உழவர் சந்தையிடம் நாம் கணக்குக் கேட்க முடியும், ஏனென்றால் அது, விளைந்ததை விவசாயியே நேரில் விற்க வேண்டும் என்று எழுதிய விதியோடு பிறந்த அரசுச் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல்வர் கருணாநிதி முதல் சந்தையைத் திறந்தார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஆந்திரத்தில் இதே போன்ற ரைத்து பஜார் வந்திருந்தது. பஞ்சாபின் அப்னி மண்டி அதற்கும் 12 ஆண்டு மூத்தது. நம் சந்தையின் விதி தெளிவானது. நிலமும் பயிரும் உண்டென்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும், வேளாண் துறை அலுவலர்கள் வயலைப் பார்க்க வேண்டும், அதன் பிறகே புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை. தராசு சந்தையே தரும். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக, சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக விலை வைத்து, காலையில் பலகையில் எழுதிப் போடுவார்கள். 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன.

விதி இவ்வளவு நன்றாக இருக்க, உள்ளே இருப்பவை எல்லாம் பக்கத்துத் தோட்டத்துக் காய்தானா? இல்லை. சமவெளியில் அதிகம் விளையாத கேரட்டும் முட்டைக்கோசும் பெரும்பாலும் மலையிலிருந்துதான் வர வேண்டும். பல சந்தைகளில் மலைக்காய்கறிக்குத் தனிக் கடை இருக்கும். அதில் ஒளிவுமறைவு இல்லை. கோவைக்காரருக்கு நீலகிரி ஒன்றும் தூரமும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அட்டை வாங்கிய கையோடு மண்டியில் ஏலம் எடுத்த காயை விற்பவர்கள் நுழைந்துவிட்டார்கள் என்று பல ஊர்களில் விவசாயிகளே புகார் கொடுத்திருக்கிறார்கள். அட்டைகள் ரத்தான செய்திகளும் வந்திருக்கின்றன. சந்தை வாசலுக்கு வெளியே நடைபாதையில் கடை போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களிடம் வாங்கிவிட்டு ‘உழவர் சந்தைக் காய்’ என்று வீட்டில் சொல்பவர்கள் எத்தனையோ பேர். உள்ளே மூட்டை இறக்கிய விவசாயிக்கு அது நேரடி நஷ்டம்.

இதில் வாங்கும் நமக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அரை ஏக்கரில் வெண்டை போட்டவர் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறிக்கிறார். அவரிடம் வெண்டைதான் இருக்கும். கூட நாலு கத்தரிக்காய், வரப்பில் நின்ற மிளகாய். நாமோ ஒரே இடத்தில் நின்று சாம்பாருக்கும் பொரியலுக்கும் ரசத்துக்கும் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறோம். பதினைந்து வகை அடுக்கிய கடையில் கூட்டம் நெரிகிறது. இரண்டு வகை வைத்தவர் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு நாள் பார்த்துவிட்டு அவரும் பக்கத்துத் தோட்டத்தில் பாகற்காயும் பீர்க்கையும் வாங்கி வைக்கிறார். விதிப்படி அது தவறு. ஆனால் காய் அதே ஊர்க் காய். மண்டியில் ஏலம் எடுத்தவரையும் இவரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

என் கண்ணுக்கு எளிதில் தெரியும் அடையாளமும் இதுதான். கடையில் எத்தனை வகை என்று எண்ணுகிறேன். மூன்றோ நான்கோ இருந்து, காய்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் அது தோட்டத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரே அளவில் தரம் பிரித்த தக்காளி, பக்கத்தில் பெரிய வெங்காயம், அதற்குப் பக்கத்தில் பூண்டு என்றால் அது மண்டிக் கடை. பெரிய வெங்காயம் நாசிக் பக்கத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வருவது. தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பந்தல் காயும், கிணத்துக்கடவுப் பக்கத்துத் தக்காளியும் வரும் ஊரில், ஆந்திரத்து மதனப்பள்ளித் தக்காளியை உள்ளூர் என்று வாங்க வேண்டிய தேவையில்லை. பிறகு பேச்சுக் கொடுப்பேன். “எந்த ஊர் அம்மா? எப்போது பறித்தது?” விளைவித்தவர் என்றால் ஊரோடு நிற்க மாட்டார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மயில் வந்து எவ்வளவு நாசம் செய்தது என்பது வரை சொல்வார்.

தள்ளுவண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே யாரும் தோட்டக்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை. விடியற்காலையில் மார்க்கெட்டில் எடுத்ததைத் தெருவில் விற்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவுக்கு வரும் அக்காவின் வண்டியில் இருக்கும் கீரைக்கட்டுகளை நான் நம்புகிறேன். அரைக்கீரையும் சிறுகீரையும் நாள் முழுதும் லாரியில் வந்தால் வாடிவிடும். அவை நகரத்தைச் சுற்றியுள்ள கிணற்றுப் பாசனத் தோட்டங்களிலிருந்து வந்தால்தான் உண்டு. தோல் மெலிந்த நாட்டுத் தக்காளியும் அப்படித்தான். தொலைதூரம் போவதற்கென்றே தோல் தடித்த வீரிய ரகங்கள் இருக்கின்றன. அந்த அக்காவிடம் அட்டையும் இல்லை, பலகையும் இல்லை. ஆனாலும் கீரையைப் பொறுத்தவரை அவர் வண்டி பல கடைகளைவிட உள்ளூர்.

சூப்பர் மார்க்கெட்டில் ‘நேரடிக் கொள்முதல்’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அவர்களின் கொள்முதல் நிலையத்தில் விவசாயி கொண்டுவந்து கொடுத்தார் என்று பொருள். விவசாயிக்குக் கமிஷன் மிச்சமாகலாம். நமக்கு ஊர் தெரியாது. கேட்டால் சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

இயற்கைச் சந்தைகள் எல்லாம் முதலில் சொன்னது போன்றவை என்று நினைத்துவிட வேண்டாம். விளைவித்தவர்களே கூடி நடத்தும் சந்தைகளில், ‘இந்த வாரம் மழை, கத்தரிக்காய் இல்லை’ என்று வெறும் கூடையோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வெறும் கூடையை நான் எந்த முத்திரையைவிடவும் நம்புவேன். ஆண்டு முழுதும் எல்லாக் காயும் கிடைக்கும் இயற்கைக் கடை என்றால் தயக்கம் வருகிறது. சான்று முத்திரை இருந்தாலும் அது விளைவித்த முறையைத்தான் சொல்லும், தூரத்தைச் சொல்லாது.

என்னைக் கேட்டால் உழவர் சந்தைக்குத்தான் முதல் இடம், கடை பார்த்து வாங்கினால். அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்க அங்கு மட்டும்தான் எனக்கு உரிமை இருக்கிறது, சந்தேகம் வந்தால் சந்தை அலுவலகத்தில் போய்ச் சொல்லலாம். சந்தையை நடத்தும் துறையிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: விலைப் பலகையில் காயின் பெயருக்கு நேராக விலை இருப்பதுபோல, ஒவ்வொரு கடையின் முன்னும் விவசாயியின் ஊரும் அவர் வயலில் நிற்கும் பயிரும் எழுதித் தொங்கட்டும். அட்டை கொடுக்கும்போதே இந்த விவரத்தைச் சேகரித்துவிடுகிறார்கள்; ஒரு சிலேட்டும் சுண்ணக்கட்டியும்தான் செலவு.

நான் இப்போது சனிக்கிழமை காலை 6 மணிக்கு முன் உழவர் சந்தைக்குப் போகிறேன். நான்கு கடைகளில் வாங்குகிறேன், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு காய். முன்பைவிட இருபது நிமிடம் கூடுதலாகிறது. கீரை தெருவில் வரும் அக்காவிடம். பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் எந்தக் கடையிலும். முருங்கைக்காய் மாசிக்குப் பிறகு.