எல்ஃபா, கோப்ளினா, மெர்ஃபோக்கா? மேஜிக்கில் எந்தக் கூட்டத்தை நம்பி டெக் கட்டலாம்

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒரே வகை கிரியேச்சர்களை (சண்டை போடும் உயிரினக் கார்டுகளை) வைத்து டெக் (ஆடும் கார்டுக் கட்டு) கட்டும் ஆசை சீக்கிரமே வந்துவிடும். எந்த வகை நல்லது என்று கேட்டால், ஆளுக்கொரு பெரிய கார்டை எடுத்துக் காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. எதிராளி ஒரே கார்டில் மேசையைக் காலி செய்துவிட்டால், இந்தக் கூட்டம் மறுபடி எப்படி எழும்?

எல்ஃபிலிருந்து தொடங்கலாம். முதல் டர்னில் லானோவர் எல்வ்ஸ். ஒரு பச்சை மானாவுக்கு (கார்டை இறக்கக் கொடுக்கும் விலை, பெரும்பாலும் நிலக் கார்டுகள் தருவது) 1/1, அதாவது அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1. சாய்த்தால் (கார்டைப் பக்கவாட்டில் திருப்பினால்) ஒரு பச்சை மானா தரும். அதன் புண்ணியத்தில் இரண்டாம் டர்னிலேயே மூன்று மானா கார்டான எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட் இறங்கும். மற்ற எல்ஃப்களுக்கு +1/+1 கொடுக்கும், சாய்த்தால் நம்மிடம் எத்தனை எல்ஃப் இருக்கிறதோ அத்தனை மானா. மூன்றாம் டர்னில் கையில் ஆறு மானா! அதில் மூன்று சின்ன எல்ஃப்களை இறக்கினால், நான்காம் டர்னில் ஆர்ச்ட்ரூயிட் தரும் ஐந்தும் நாலு நிலத்தில் மூன்று தரும் மூன்றும் சேர்ந்து எட்டு. கிரேட்டர்ஹூஃப் பெஹிமோத் வந்துவிடும். மேசையில் ஆறு கிரியேச்சர், அதனால் எல்லாவற்றுக்கும் +6/+6. நாலு எல்ஃப்கள் 8/8-ஆக, பெஹிமோத் 11/11-ஆகப் பாயும். மொத்தம் 43 சேதம், எதிராளியின் உயிரோ 20.

ஆனால் பெஹிமோத் வருவதற்கு முந்தைய எதிராளியின் டர்னைப் பாருங்கள். அவரிடம் பைரோகிளாசம் இருக்கிறது. இரண்டு மானாதான், எல்லா கிரியேச்சருக்கும் 2 சேதம். ஆர்ச்ட்ரூயிட் தனக்குத்தானே வலு கொடுத்துக்கொள்ளாது, அது 2/2. மற்றவை அதன் தயவில் 2/2. ஐந்தும் ஒன்றாகச் சாகும். நம்மிடம் மிஞ்சுவது எட்டு மானா பெஹிமோத்தும் நாலு நிலமும். அங்கிருந்து எல்ஃப் மீண்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

மெர்ஃபோக்கின் பலம் அதன் லார்டுகள். (1993-ல் வந்த முதல் தொகுப்பான ஆல்ஃபாவில் லார்ட் ஆஃப் அட்லாண்டிஸின் வகை வரியிலேயே 'லார்ட்' என்றுதான் அச்சாகியிருந்தது. இன்று இனத்துக்கு வலு கூட்டும் எந்தக் கார்டையும் நாம் லார்டு என்பது அந்த வழக்கம்தான்.) லார்ட் ஆஃப் அட்லாண்டிஸும் 2012-ல் வந்த மாஸ்டர் ஆஃப் த பேர்ல் ட்ரைடென்டும் இரண்டே மானா. இரண்டும் சேர்ந்து நின்றால் ஒன்றையொன்று தூக்கிவிட்டு 3/3 ஆகிவிடும், பைரோகிளாசம் பலிக்காது. கையிலுள்ள கிரியேச்சரை மானா கொடுக்காமல் இறக்க விடும் ஈதர் வயல் (Aether Vial) கார்டில் இரண்டு கவுன்ட்டர் (எண்ணிக்கைக் குறி) இருந்தால் இன்னும் அழகு: எதிராளி பைரோகிளாசத்தைப் போட்ட பிறகு, அது பலிக்கும் முன், இரண்டாவது லார்டை மேசையில் வைத்துக் காப்பாற்றலாம். மியூட்டவால்ட் நிலமாகவே படுத்திருந்து, தேவைப்படும்போது எல்லா வகைக் கிரியேச்சராகவும் எழும். எல்லா கிரியேச்சரையும் அழிக்கும் ராத் ஆஃப் காட் வந்து எல்லாம் போனாலும் அது மிஞ்சும். ஆனால் கை காலியான பிறகு மறுபடி நிரப்ப வழி குறைவு. சில்வர்கில் அடெப்ட் வரும்போது ஒரே ஒரு கார்டு தரும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு கோப்ளின் மேலே தெரிகிறது. கோப்ளின் வார்சீஃப் ஒவ்வொரு கோப்ளினையும் ஒரு மானா மலிவாக்கி, வந்த உடனே தாக்கவும் விடுகிறது. கோப்ளின் பைல்டிரைவரோடு இன்னும் மூன்று கோப்ளின் தாக்கினால் அது மட்டுமே 7 அடிக்கும். ஆனால் என் நம்பிக்கை இவற்றின் மேல் இல்லை. கோப்ளின் மேட்ரன் மூன்று மானாவுக்கு டெக்கிலிருந்து எந்தக் கோப்ளினையும் தேடிக் கையில் தரும். நான் தேடுவது எப்போதும் கோப்ளின் ரிங்லீடரைத்தான். அது வந்ததும் டெக்கின் மேல் நாலு கார்டைத் திறக்கும், அதில் உள்ள கோப்ளின்கள் எல்லாம் கைக்கு வந்துவிடும். மேசை காலியான அடுத்த டர்னில் ஒரு ரிங்லீடர் இறங்கினால் போதும், தாக்கவும் ஆள் உண்டு, கையும் நிறையும். எல்ஃபிலும் மெர்ஃபோக்கிலும் எனக்கு இந்த நிம்மதி கிடைத்ததில்லை.

சரி, கமாண்டர் என்ற ஆட்ட வகையை ஆடுபவர்கள்? நூறு கார்டில், அடிப்படை நிலங்கள் தவிர, ஒவ்வொன்றும் ஒரு பிரதிதான். எல்ஃபுக்கு இது பெரிய குறையில்லை, லானோவர் எல்வ்ஸ் செய்யும் அதே வேலையை ஃபிண்டார்ன் எல்வ்ஸும் எல்விஷ் மிஸ்டிக்கும் செய்யும். ஆனாலும் அங்கேயும் நான் கோப்ளின் பக்கம்தான். மேசை காலியானாலும் தலைமைக் கார்டான கிரெங்கோ என்ற கோப்ளின், கமாண்ட் ஸோனிலிருந்து (தலைமைக் கார்டுக்கான தனி இடம்) இரண்டு மானா கூடுதலாகக் கொடுத்தால் திரும்ப வரும். அதைச் சாய்க்கச் சாய்க்க கோப்ளின் ஒன்று இரண்டாகும், நாலாகும், எட்டாகும்.

60 கார்டு கோப்ளின் டெக் கட்டுவதாக இருந்தால் முதல் காசை நாலு ரிங்லீடருக்கும் நாலு மேட்ரனுக்கும் கொடுங்கள், வார்சீஃப் அப்புறம். கோப்ளின்களின் எண்ணிக்கை 30-க்குக் கீழே போக விடாதீர்கள். 30 இருந்தால் ரிங்லீடர் சராசரியாக இரண்டு கார்டு கொண்டுவரும். வேறு நல்ல கார்டுகளுக்கு ஆசைப்பட்டு 20 ஆக்கினால் நாலு மானா கொடுத்து ஒன்றோடு திரும்ப வேண்டியிருக்கும்.