ஒடியல் கூழா, தயிரா, குளிசையா?

வயிறு பொருமினாலும் மலச்சிக்கல் நீண்டாலும் "நல்ல பற்றீரியா" அடங்கிய குளிசையை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவோர் இன்று யாழ்ப்பாணத்திலும் உண்டு. தயிரும் பழஞ்சோறும் இருக்கக் குளிசை எதற்கு என்போர் உண்டு. ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு), குரக்கன், கீரை என்று நார்ப்பொருள் மிகுந்த உணவுக்குத் திரும்பினாலே போதும் என்போரும் உண்டு. இம்மூன்றும் குடல் பற்றீரியாக்களைக் குறிவைத்தாலும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. குளிசையும் தயிரும் புதிய பற்றீரியாக்களை உள்ளே அனுப்புகின்றன. நார்ப்பொருளோ ஏற்கெனவே அங்கு குடியிருப்பவற்றுக்குத் தீனி போடுகிறது.

நார்ப்பொருளின் பக்கம் உள்ள சான்று மற்ற இரண்டையும் விடக் கனமானது என்பது என் கணிப்பு. சிறுகுடலில் சமிபாடடையாத நாரும் ஒருவகை மாப்பொருளும் பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். அழற்சியைத் தணிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதனை உற்பத்தி செய்யும் ஃபீக்கலிபற்றீரியம் பிரவுஸ்நிற்சி என்ற இனம் குரோன் நோய் என்ற நீடித்த குடல் அழற்சி உள்ளோர் பலரின் குடலில் குறைந்து காணப்படுகிறது. 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்கு உணவை மாற்றிக்கொண்டனர். நார் நிறைந்த ஆபிரிக்க உணவுக்கு மாறியோரின் குடலில் பியூட்டிரேட் கூடி, புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் குறிகள் இறங்கின. கொழுப்பு மிகுந்த, நார் குறைந்த உணவுக்கு மாறியோரிடம் எல்லாம் தலைகீழாயிற்று. இதற்கு இரண்டே வாரங்கள் போதுமாயிருந்தன என்பதே கவனிக்கத்தக்கது.

வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருள் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மொட்டைக்கறுப்பன் சோறு, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, பயற்றங்காய்க் கறி என்று அமைந்த நாளில் அந்த அளவை நெருங்குவது கடினமன்று. ஒடியல் மாவோடு பலாக்கொட்டையும் பயற்றங்காயும் முருங்கையிலையும் சேரும் கூழ், குடல் பற்றீரியாக்களுக்கென்றே காய்ச்சியது போல இருக்கிறது. காலையில் பாணும் இரவில் வெள்ளை மா இடியப்பமும் சொதியும் என்றாகிவிட்ட வீட்டில்தான் கணக்கு இடிக்கிறது.

நொதித்த உணவுக்கு வருவோம். தயிரில் உள்ள பற்றீரியாக்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று நூறாண்டுக்கு முன்பே வாதிட்டவர் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மெச்னிக்கோவ். 2021 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 36 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு நார் மிகுந்த உணவையும் மற்றதற்கு நொதித்த உணவையும் பத்து வாரங்கள் கொடுத்து நேரடியாகவே ஒப்பிட்டனர். நொதித்த உணவுக் குழுவில் பற்றீரியாக்களின் பல்வகைமை கூடியது, அழற்சியோடு தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. நார்க் குழுவில் பல்வகைமை கூடவில்லை. இது தயிரின் வெற்றிதான். எனினும் அவர்கள் உண்டது நாளுக்குச் சராசரியாக ஆறு பங்கு; மதியச் சோற்றோடு ஓர் அகப்பை தயிர் அதற்கு ஈடாகாது. தோசையும் இக்கணக்கில் வராது, ஏனெனில் மாவைப் புளிக்க வைத்த பற்றீரியாக்கள் கல்லின் சூட்டிலேயே இறந்துவிடுகின்றன.

பழஞ்சோறு இரண்டு பக்கமும் நிற்கும். நீரூற்றி வைத்த சோற்றில் இலற்றிக்கமில பற்றீரியாக்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றில் சமிபாட்டுக்கு இடங்கொடாத மாப்பொருளும் கூடுகிறது. ஆனால் வடித்த சோற்றை எங்கள் வெக்கையில் மணிக்கணக்கில் மூடி வைத்துவிட்டுப் பின்னர் நீரூற்றுவது ஆபத்தானது. பசில்லசு சீரியசு என்ற பற்றீரியாவின் வித்திகள் சமைக்கும் சூட்டைத் தாங்குபவை. அது விடும் நஞ்சு, சோற்றை மீளச் சூடாக்கினாலும் அழியாது.

குளிசையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. குரோன் நோய்க்கோ, வயிற்றுவலியும் பொருமலும் அடிக்கடி வரும் குடல் உறுத்தல் நோய்க்கோ புரோபயோட்டிக்குகளை (நல்ல பற்றீரியா அடங்கியவற்றை) வழமையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020 இல் அறிவித்தது. நுண்ணுயிர்க்கொல்லி எடுப்போர், குறைமாதக் குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டும், குறிப்பிட்ட வகைகளைக் கருதலாம் என்றது. 2018 இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றிலோ, நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பின் புரோபயோட்டிக் எடுத்தவர்களின் சொந்தப் பற்றீரியாக்கள் மீள்வது தாமதமாயிற்று. விலையையும் சேர்த்துப் பார்த்தால், வைத்தியர் குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதித் தராதவரை இதை வாங்கத் தேவையில்லை.

இவ்வளவும் பொதுவான உடல்நலத்துக்கும் சாதாரண மலச்சிக்கலுக்கும் பொருந்தும். நோய் மாறும்போது வரிசையும் மாறுகிறது. குடல் உறுத்தல் நோய் உள்ள பலருக்குச் சின்ன வெங்காயம், உள்ளி, பருப்பு, பால், கோதுமை ஆகியவையே பொருமலைத் தூண்டுகின்றன. இவற்றிலுள்ள நொதிக்கும் மாச்சத்துகளைத் தற்காலிகமாக விலக்கும் முறையை மெல்பேணின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கினர். அது பலருக்குப் பயன் தருகிறது. ஆனால் உள்ளியும் வெங்காயமும் இல்லாத யாழ்ப்பாணச் சமையலை எத்தனை நாள் தாங்குவது? நீண்ட நாள் தொடர்ந்தால் பயனுள்ள பிபிடோ பற்றீரியாக்களும் குறைகின்றன. ஆகவே சில வாரங்களின் பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, உண்மையில் ஒத்துக்கொள்ளாததை மட்டும் தவிர்ப்பதே அம்முறையின் இரண்டாம் பாதி. குரோன் நோயால் குடல் ஒடுங்கியவர்களுக்கோ, நான் மேலே புகழ்ந்த நார்ப்பொருளே அடைப்பை உண்டாக்கக்கூடும்.

இரைப்பைப் புண்ணில் மூன்று தெரிவுகளுமே தோற்றுவிடுகின்றன. செத்தல் மிளகாய்தான் புண்ணை உண்டாக்குகிறது என்ற நம்பிக்கை இங்கு இன்னும் வலுவாயிருக்கிறது. ஹெலிக்கோபற்றர் பைலோரி என்ற பற்றீரியாவே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்பதைக் காட்டிய பரி மார்ஷலும் ரொபின் வொரனும் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். சிலவகை வலிநிவாரணிக் குளிசைகள் மற்றொரு முக்கிய காரணம். பைலோரி இருப்பது பரிசோதனையில் உறுதியானால், நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த சிகிச்சையே அதை ஒழிக்கும். தயிரோ கூழோ ஒழிக்காது.

நாரைக் கூட்ட விரும்புபவர், பாண் தின்ற குடலுக்கு ஒரே நாளில் குரக்கனையும் கூழையும் கொடுத்துப் பொருமலை வரவழைக்காமல், சில வாரங்களில் மெதுவாகவும் நீரைக் கூட்டியும் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கூழும் தயிரும் அதற்குப் பிறகு.