ஃபேன் நல்ல ஃபேன். விளம்பரத்தில் பேசும் விமானி பேச்சுதான் தப்பு

பல்லாவரத்தில் எங்கள் வீடு மேல்மாடியில் இருக்கிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய தளம் ராத்திரி பதினோரு மணி வரை அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். படுக்கையறையில் பத்தொன்பது வருடம் ஓடிய பழைய ஃபேன் ஏப்ரலில் முனக ஆரம்பித்தது. கெபாசிட்டர் மாற்றிப் பார்த்தோம், சரிவரவில்லை. குரோம்பேட்டையில் ஒரு கடையில் 3,450 ரூபாய்க்கு பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் ஒன்று வாங்கி மாட்டினேன். நாலு மாதம் ஓடிவிட்டது. கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இந்தப் பாணியில் விளம்பரம் எடுப்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

முதலில் பொருளைப் பற்றி. 1200 மில்லிமீட்டர் வீச்சு. பெட்டியில் போட்டிருப்பது முழு வேகத்தில் 32 வாட், நிமிடத்துக்கு 220 கன மீட்டர் காற்று. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இருந்தது. மாட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை விட்டு அதில் இணைத்துப் பார்த்தேன், 33 காட்டியது. பழைய ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட்டுக்கு மேல் குறையும். மின்வாரியக் கணக்கில் ஸ்லாப் தாண்டும் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்வெர்ட்டரில் ஓடும்போது பழைய ஃபேன் மாதிரி உறுமவில்லை. மின்னழுத்தம் குறைந்த நேரத்திலும் வேகம் அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை பைபாஸ் செய்துவிட்டுத்தான் இதை மாட்ட வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லவே இல்லை, எலக்ட்ரீஷியன்தான் சொன்னார். ரிமோட் தொலைந்தால் கஷ்டம். அப்புறம், ஃபேனின் நடுவில் எரியும் நீல விளக்கு ராத்திரியில் கண்ணைக் குத்துகிறது. அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன்.

இனி விளம்பரம். இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அரை நிமிட விளம்பரம். நடுராத்திரி, வேர்வையில் நனைந்த ஒரு அப்பா தலையில் விமானி தொப்பி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஆபத்தில் சிக்கிய விமானி மாதிரி 'மேடே, மேடே' என்று கத்துகிறார். அம்மா ரிமோட்டை வாயருகே வைத்து, 'ரன்வே 38, கிளியர்டு ஃபார் டேக்-ஆஃப்' என்கிறார். ஃபேன் சுற்றுகிறது. 'ரோஜர், ஓவர் அண்ட் அவுட்' என்று அப்பா படுத்துக்கொள்கிறார். பின்னணிக் குரல், 'விமானத் தர அலுமினிய இறக்கைகள், டர்புலன்ஸ் இல்லாத காற்று' என்று முடிக்கிறது. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் ஒரு மாலையில் பத்துத் தடவைக்குக் குறையாமல் வந்தது.

நான் 29 வருடம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தேன், பெரும்பகுதி மீனம்பாக்கத்தில். ஹெட்செட்டைக் கழற்றி நாலு வருடம் ஆகிறது. அந்த அரை நிமிடத்தில் ஒரு வாக்கியம்கூடச் சரியில்லை.

ரன்வே 38 என்று உலகத்தில் எங்குமே இருக்க முடியாது. ஓடுபாதைக்கு எண் வைப்பது திசைகாட்டியை வைத்து. பாதை நோக்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் வருவதுதான் அந்த எண். வட்டத்துக்கு 360 பாகை என்பதால் 36-ஓடு முடிந்துபோகும். மீனம்பாக்கத்துப் பெரிய பாதையை ஒரு முனையிலிருந்து பார்த்தால் 07, எதிர்முனையிலிருந்து பார்த்தால் 25. குறுக்கே போவது 12, 30. எண்ணைக் கேட்டவுடன் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்ப வேண்டும் என்பது விமானிக்குத் தெரிந்துவிடும்.

'ஓவர்' என்றால் நான் பேசி முடித்தேன், உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பொருள். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், சாப்பிட வா, வராதே என்று ஒரே மூச்சில் கூப்பிட்ட மாதிரி. 'ரோஜர்' என்பதும் சரி என்று அர்த்தம் தராது. நீ சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ரேடியோவில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு வார்த்தை சொல்வோம்; ரிசீவ்டு என்பதன் முதல் எழுத்தான ஆர்-க்குப் பழைய பட்டியலில் இருந்த பெயர் அது. இன்று அந்த எழுத்துக்கு ரோமியோ என்கிறோம், ரோஜர் மட்டும் நிலைத்துவிட்டது. சொன்னபடி செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ' என்று தனி வார்த்தை உண்டு. ஆமாம் என்பதற்கு 'அஃபர்ம்'. முன்பு அதையே 'அஃபர்மேட்டிவ்' என்று நீட்டிச் சொன்னார்கள். இரைச்சலில் 'நெகட்டிவ்' என்பதன் வால் மாதிரியே அதன் வாலும் கேட்கும் என்று வெட்டிவிட்டார்கள். அலகாபாத் பயிற்சி மையத்தில் நான் வாய் தவறி 'எஸ்' என்ற ஒவ்வொரு தடவையும் எங்கள் ஆசிரியர் பயிற்சியை அங்கேயே நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்.

இப்படி ஒவ்வொரு சொல்லையும் செதுக்கி வைத்ததற்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் டெனரிஃபே, லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் 747 விமானம் ஓடுபாதையின் முனையில் நிற்கிறது, பான் ஆம் நிறுவனத்தின் 747 அதே பாதையில் ஊர்ந்து வருகிறது. கட்டுப்பாட்டாளர் கே.எல்.எம்.முக்குக் கொடுத்தது, புறப்பட்ட பின் எந்த வழியில் போவது என்ற வழித்தட அனுமதி மட்டுமே, புறப்படும் அனுமதி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் இருந்தது. கே.எல்.எம். துணை விமானி, நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம் என்று பதில் சொன்னார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார், கே.எல்.எம்.காரர்களோ ஓடத் தொடங்கிவிட்டார்கள். பொறு, நான் கூப்பிடுகிறேன் என்று கட்டுப்பாட்டாளர் சொன்ன அதே கணத்தில் பான் ஆமும் பேச, இரண்டு ஒலிபரப்பும் மோதி வெறும் கீச்சொலியாகக் கேட்டது. இரண்டு விமானமும் ஓடுபாதையிலேயே மோதின, 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதி மாறியது. உண்மையிலேயே புறப்பட அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும் தவிர டவர் வாயிலிருந்து 'டேக்-ஆஃப்' வரக் கூடாது. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'. என் வேலைக் காலம் முழுவதும் அந்தச் சொல்லை நான் அப்படித்தான் காப்பாற்றி வைத்தேன். இந்த ஃபேனின் ரிமோட்டில் ஐந்தாம் வேகத்துப் பொத்தானில் அதை அச்சடித்திருக்கிறார்கள்.

'மேடே' என்னை இன்னும் அதிகம் உறுத்துகிறது. 1920-களில் லண்டன் குரோய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு உருவாக்கிய சொல் அது. அங்கிருந்து பாரிசுக்குப் போக்குவரத்து அதிகம் என்பதால், எனக்கு உதவு என்ற பிரெஞ்சுப் பேச்சின் ஒலியை எடுத்துக்கொண்டார். மூன்று முறை சொல்ல வேண்டும், விளம்பரத்தில் வருவது போல இரண்டு முறை இல்லை. சொல்லிவிட்டால் அந்த விமானத்துக்குத்தான் முதல் வழி, மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜனவரி 25 இருக்கிறது. நியூயார்க் போகும் வழியில் மூன்று இடங்களில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைக்கப்பட்ட, கொலம்பியாவின் அவியான்கா 52 விமானம். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். மேடே என்றோ எமர்ஜென்சி என்றோ கடைசி வரை சொல்லவில்லை. லாங் ஐலண்டில் விழுந்தது, 73 பேர் இறந்தார்கள்.

என் காதில் நிஜமான மேடே விழுந்தது 29 வருடத்தில் இரண்டே தடவை. முதல் தடவை ஒரு அதிகாலை. மூன்றாவது 'மேடே' முடிவதற்குள் பக்கத்து இருக்கையில் இருந்தவர் கையில் எடுத்த டீ டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். 'எல்லா நிலையங்களும் ஒலிபரப்பை நிறுத்துங்கள், மேடே' என்று நான் சொன்னேன். அந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்த ஏழு விமானமும் ஒரே நொடியில் மௌனமாகிவிட்டன. பதினெட்டு நிமிடத்தில் மேடே சொன்ன விமானம் பத்திரமாக இறங்கியது. டீ ஆறி ஏடு படிந்துபோயிருந்தது.

என் பேரனுக்கு ஐந்து வயது. வேர்த்தால் இப்போது 'தாத்தா, மேடே மேடே' என்கிறான். ஃபேன் போடச் சொல்கிறான், அவன் மேல் தவறில்லை. டிவி அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் நாளைக்குக் குளத்தில் கால் வழுக்கினாலும் அவன் அதையேதான் கத்துவான், நான் ஃபேனைப் பார்ப்பேன்.

விமானத் தர அலுமினியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரே ஒரு தரம் கிடையாது. விமான உடலுக்குச் செம்பு கலந்த 2024, பாரம் தாங்கும் பாகங்களுக்குத் துத்தநாகம் கலந்த 7075 என்று பல கலவைகள் உண்டு. எந்த எண் என்று விளம்பரமும் சொல்லவில்லை, பெட்டியிலும் இல்லை. சீலிங் ஃபேனுக்குச் சாதாரண அலுமினியத் தகடே போதும், நன்றாக உழைக்கும். டர்புலன்ஸ் இல்லாத காற்று என்பதும் வெறும் பேச்சு. எந்த ஃபேனில் இருந்தும் காற்று சுழித்துக் கலங்கித்தான் வரும். அது மேலே பட்டுத்தான் வேர்வை காய்கிறது.

இத்தனைக்கும் உண்மையைச் சொன்னாலே இந்த ஃபேன் விற்கும். 75 வாட்டுக்குப் பதில் 32 என்று அந்த அம்மா பில்லைக் காட்டிச் சொல்லியிருந்தால், எங்கள் தெருவில் பாதிப் பேர் மறுநாளே கடைக்குப் போயிருப்பார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். வாரண்டி கார்டைப் பதிவு செய்யச் சொல்லி ஒரு பதில் வந்தது. திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

ஃபேனுக்கு ஐந்துக்கு நாலு. விளம்பரத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஹாலுக்கும் இதே மாடலைத்தான் வாங்கப்போகிறேன். ரிமோட்டில் அந்தப் பொத்தான் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன். பேரன் ஸ்கெட்ச் பேனாவால் 5 என்று எழுதினான், கொஞ்சம் கோணலாக. இப்போது ஐந்தில் வை தாத்தா என்று கேட்கிறான்.