எடை அசையாமல் நிற்கிறதா? இன்னும் குறைப்பதா, கூட்டி நடப்பதா, எடை தூக்குவதா, இடைவேளை விடுவதா?

முதல் மூன்று நான்கு மாதம் எடை நன்றாக இறங்கியிருக்கும். அப்புறம் அதே சாப்பாடு, அதே நடை, அதே உழைப்பு. எடைமெஷினில் மட்டும் எண் மாறாது. டயட்டை விட்டுவிடுகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் மனம் உடைந்து விடுகிறார்கள். அப்படி யாரும் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அலசல். வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு வழிகளும் சமமானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில், நின்றது கொழுப்பா, தண்ணீரால் நின்றதுபோல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். உப்பு கூடிய சாப்பாடு, புதிதாகத் தொடங்கிய கடினமான பயிற்சி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் எல்லாமே உடலில் நீரைத் தேக்கும். வாரத்துக்கு 300 கிராம் கொழுப்பு கரைந்தாலும் 1 கிலோ தண்ணீர் அதை மூன்று வாரம் மறைத்துவிடும். அதனால் தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள், இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். நான்கு வாரம் இரண்டுமே நகராவிட்டால்தான் அது உண்மையான தேக்கம்.

சரி, தேக்கம் ஏன் வருகிறது? "மெட்டபாலிசம் செத்துப்போச்சு", அதாவது உடல் கலோரியைச் செலவழிக்கும் வேகமே போய்விட்டது என்பார்கள். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. சிறுத்த உடலுக்குச் செலவு குறைவு. 1 கிலோ குறைந்தால் அன்றாடச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி குறையும். ஆனால் கெவின் ஹால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கு இன்னொன்றைச் சொன்னது: ஒவ்வொரு கிலோ குறைவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. அதாவது 10 கிலோ குறைத்தவருக்குச் செலவு 200, 300 கலோரி குறைந்திருக்கும். பசியோ 1000 கலோரி அளவுக்கு இழுக்கும். நம்மைத் தடுத்து நிறுத்துவதில் பெரிய பங்கு பசிக்குத்தான். ஆகவே ஒவ்வொரு வழியையும் "இது என் பசியை என்ன செய்யும்?" என்று கேட்டே எடைபோடுகிறேன்.

இன்னும் குறைத்துச் சாப்பிடுவது

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். காகிதக் கணக்கில் சரியாகவே வரும். ஆனால் நான்கில் பசியை மிக மோசமாகத் தூண்டுவதும் இதுதான். 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். எடையில் சுமார் கால் பங்கு போனது. கூடவே அவர்கள் சோர்ந்து முடங்கினார்கள், நாள் முழுக்க உணவைப் பற்றியே நினைத்தார்கள். நம் டயட் அவ்வளவு கடுமையல்ல என்றாலும் போகிற திசை அதுதான். சாப்பாடு குறையக் குறைய உடல் தன்னையறியாமல் அசைவைக் குறைக்கிறது: உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது, மாடிப்படி மலையாகத் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1992-இல் வந்த ஓர் ஆய்வில், "1200 கலோரிக்குள்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்று சொன்ன பத்துப் பேரைத் துல்லியமாக அளந்தார்கள். மெட்டபாலிசம் இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கண் அளவு அப்படித்தான் ஏமாற்றும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சமைக்கும் கை அதை எண்ணுவதில்லை. ருசி பார்த்தது, குழந்தையின் தட்டில் மிஞ்சியது எதுவும் கணக்கில் வராது. ஆகவே சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். நிறைய பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கணக்கு சரியாக இருந்தும் எடை நின்றால், 100, 200 கலோரி குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். முன்பு உண்ணுதல் சார்ந்த மனநோயால் அவதிப்பட்டவர்கள் மட்டும் இந்தத் தராசு வேலையைத் தவிர்ப்பது நல்லது.

நடையையும் ஓட்டத்தையும் கூட்டுவது

80 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250 கலோரி செலவாகும். பயிற்சி இயந்திரம் காட்டும் எண் பெரும்பாலும் மிகை. அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டால் போனது. இன்னொரு சிக்கல், காலையில் கூட்டியதை உடல் மாலையில் அசையாமல் இருந்து ஈடுகட்டிக்கொள்வது. தான்சானியாவின் ஹாட்ஸா வேட்டைச் சமூகத்தினர் நம்மைவிடப் பல மடங்கு நடக்கிறார்கள். ஆனால் ஹெர்மன் பான்ட்ஸர் குழு 2012-இல் வெளியிட்ட அளவீட்டில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், அவர்களுடைய ஒருநாள் மொத்தச் செலவு மேற்கத்தியர்களுடையதைப் போலவே இருந்தது.

ஆகவே தேக்கத்தை உடைக்க இதை மட்டும் நம்ப மாட்டேன். ஆனால் குறைத்த எடை திரும்ப ஏறாமல் காப்பதில் நடைக்குப் பெரிய பங்கு உண்டு. எடை குறைத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்க அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், எடையை வெற்றிகரமாகக் காத்தவர்கள் சராசரியாகத் தினம் ஒரு மணி நேர உழைப்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

எடைப் பயிற்சியும் புரதமும்

"தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்" என்ற விளம்பரப் பேச்சை விட்டுவிடுங்கள். 1 கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்கு 13 கலோரிதான் செலவழிக்கிறது. இந்த வழியின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கரைவது தசையாக இல்லாமல் கொழுப்பாக இருக்கும்படி இது பார்த்துக்கொள்கிறது. புரதம் வயிற்றை நிறைவாக வைக்கிறது, அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்துக்கே செலவாகிவிடுகிறது. பசி என்ற அளவுகோலில் இது நல்ல மதிப்பெண் வாங்குகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம், வாரம் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. தொடக்கத்தில் எடை நின்றபடியே இருக்கும், சட்டை தளரும். அதனால்தான் இடுப்பளவை முதலிலேயே சொன்னேன்.

டயட்டுக்கு இடைவேளை

பலருக்கும் பயம் தருவது இது, ஆனால் நீண்ட நாள் டயட்டில் இருந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். ஆஸ்திரேலியாவில் 51 ஆண்களை வைத்து நடந்த 'மெட்டடோர்' ஆய்வில் ஒரு குழு தொடர்ந்து 16 வாரம் டயட் இருந்தது. மற்றது இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவேளை என்று அதே 16 வாரத்தை 30 வாரமாக நீட்டியது. தொடர்ந்து இருந்தவர்கள் சுமார் 9 கிலோ குறைந்தார்கள். இடைவேளை விட்டவர்கள் சுமார் 14 கிலோ. இங்கே இடைவேளை என்பது விருந்து அல்ல. எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கத் தேவையான அளவு மட்டும் சாப்பிடுவது. பின்னர் பளு தூக்கிப் பயிற்சி செய்பவர்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், கொழுப்புக் குறைவில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இடைவேளை விட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது. அந்த லாபம் எனக்குப் போதும். சாப்பாட்டுக் கணக்கு பழகாதவர்களுக்கு இது ஆபத்து: இரண்டு வாரம் இரண்டு மாதமாகிவிடும்.

இந்த நான்கோடு தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். 2010-இல் பத்துப் பேரை ஒரே அளவு உணவில் வைத்துப் பார்த்தார்கள். எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோதும் ஐந்தரை மணி நேரம் இருந்தபோதும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு, பசியும் அதிகம்.

மூன்று மாதத்துக்குள் எடை நின்றவர் தராசில் தொடங்கட்டும். ஆறு மாதம் இடைவிடாமல் டயட் இருந்து களைத்தவர் இரண்டு வார இடைவேளையில் தொடங்கட்டும். இதுவரை நடை மட்டுமே பழகியவர் எடைப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளட்டும். கணக்கு சரி, தூக்கம் சரி, ஆனாலும் அசதி, முடி கொட்டுதல், மாதவிடாய்க் கோளாறு இருக்கிறது என்றால் தைராய்டும் சினைப்பை நீர்க்கட்டியும் பார்க்க வேண்டியவை. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடையைப் பிடித்து வைக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.