வீட்டு மெஷினா, செல்ஃப் சர்வீஸ் லாண்டரியா, சலவைக் கடையா?

ஒரு வாரத் துணி மூட்டையாகச் சேர்ந்துவிட்டால் மூன்று வழி இருக்கிறது: வீட்டு வாஷிங் மெஷின், காசு போட்டு நாமே துவைக்கும் செல்ஃப் சர்வீஸ் லாண்டரி, கொடுத்துவிட்டு மடித்து வாங்கிவரும் சலவைக் கடை. மூன்றும் எனக்குப் பழக்கம்.

அன்றாட அழுக்குக்கு வீட்டு மெஷினை மிஞ்ச எதுவும் இல்லை. குழந்தை ராத்திரி வாந்தி எடுத்த விரிப்பைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? ஆனால் 7 கிலோ மெஷினில் பெரிய கம்பளியைத் திணித்தால் டிரம்முக்குள் அது புரளவே இடமிருக்காது. பிரித்துப் பார்த்தால் நடுமடிப்பில் சோப்புத்தூள் திட்டாக ஒட்டியிருக்கும். முன்பக்கம் திறக்கும் மெஷினில் துணி மேலே போய்த் தொப்பென்று விழுந்தால்தான் அழுக்கு விடும். அதற்கு டிரம்மில் கால்வாசியாவது காலியாக இருக்க வேண்டும்.

லாண்டரியின் பெரிய டிரம்மில் அதே கம்பளி தாராளமாகப் புரளும். அதைவிடப் பெரிய லாபம் நேரம். வீட்டில் நான்கு முறை போட அரை நாள் போய்விடும். அங்கே நான்கு மெஷினில் ஒரே சமயத்தில் போட்டு, டிரையரில் உலர்த்தி, இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பலாம். அடைமழையில் ஈரவாடை அடிக்கும் துணிக்கு அந்தச் சூடு பெரிய வரம். மூட்டைப்பூச்சி ஏறிய விரிப்பைக்கூட அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டால் முட்டையோடு அழியும்.

1934-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் 'வாஷடேரியா' என்ற பெயரில் மெஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். மெஷின் வாங்க முடியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. இன்று மெஷின் வைக்கவோ கொடி கட்டவோ இடமில்லாத ஒற்றை அறைவாசிகளுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. அவர்களுக்கு இது வசதி அல்ல, தேவை.

சலவைக் கடை நேரமே இல்லாதவர்களுக்கு. என்ன தூள், எவ்வளவு சூடு, எந்தத் துணியோடு எது சேர்ந்தது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. சாயம் போகும் துணியை நான் கொடுப்பதே இல்லை.

என் கணக்கு இது: தினத்துணி வீட்டில், கம்பளியும் விரிப்பும் மாதம் ஒருமுறை லாண்டரியில். போனால் முதலில் டிரையரின் பஞ்சு வடிகட்டியை இழுத்துப் பாருங்கள். முன்னால் போட்டவரின் பஞ்சு மெத்தென்று படிந்திருந்தால் காற்று சரியாகப் போகாது, துணி காய இரட்டிப்பு நேரமாகும். வழித்தெடுத்துவிட்டு ஓடவிடுங்கள். நின்றதும் சூடு ஆறுவதற்குள் மடித்துவிட்டால் பாதிக்கு மேல் இஸ்திரி தேவைப்படாது.